சுரூப அறையில் இருவர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு மருந்து கிடையாது. யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல வாய் வராது. ஊருக்கெல்லாம் அவர் உபதேசியார். கோவில் மணி அடிப்பது, பூசைக்கு முன்னால் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாவு வீட்டுக்குச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது எல்லாம் அவர். கோவிலைக் கூட்டுவதும், பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவதும், அவர் இரக்கப்பட்டு இழுத்துக்கொண்டு வரும் வம்புகளுக்கெல்லாம் ஊரில் பதில் சொல்வதும் நான்.

ஆனால் இந்த முறை அவர் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. புதன்கிழமை காலைப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கடைசிப் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தோடு அந்தப் பெஞ்சு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் காலைத் தூக்கிக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை.

"கோவிலைப் பூட்டணும்மா," என்றேன்.

"பூட்டிக்குங்க அக்கா. எங்கள உள்ள வச்சே பூட்டிக்குங்க."

எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அங்கேயும் எங்கள் பாஷைதான். கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு நடுவில் முள்வேலி போட்டு ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். அவளுடைய கொழுந்தனைத் தேடி ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்திருக்கிறது. கொழுந்தன் கிடைக்கவில்லை என்று அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் கால்வாயில் கிடந்தான். வந்தவர்களின் முகத்தை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்து, ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் குடிவரவு அலுவலகத்து ஆட்கள் கேன்டீனுக்குள் புகுந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எச்சில் கொட்டப் பின்பக்கம் போயிருந்ததால் இவள் தப்பினாள். பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் அந்த முகங்கள் காத்திருக்கும்.

எனக்குச் சட்டென்று இரக்கம் வராது. "ஏம்மா, இந்த ஊர்ல வேற கோவிலே கிடைக்கலியா உனக்கு?" என்றுதான் கேட்டேன். அதற்குள் பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பெரியம்மா, ஒண்ணுக்கு வருது," என்றது. நான் அதற்குப் பெரியம்மா என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் கோவில் பங்குச்சாமி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நான் இவங்களப் பாக்கல. எனக்கு எதுவும் தெரியாது," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்கிழமை சிஸ்டருங்க வண்டி வரும். மடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்க யாரும் தேட மாட்டாங்க. அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க," என்றார். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருக்கள் தியானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீடு கோவிலை ஒட்டி ஒற்றை அறை. சான்றிதழுக்கும் சாவியைக் கேட்டும் நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். அதனால் பூசைச் சாமான் அறைக்குப் பின்னால் இருக்கும் சுரூப அறையில் இருவரையும் வைத்துப் பூட்டினேன். சுரூபம் என்று நாங்கள் சொல்லும் சிலைகளில் உடைந்தவை, பழைய மெழுகுவர்த்தித் தண்டுகள், சவப்பெட்டியை வைத்துத் தள்ளும் வண்டி எல்லாம் கிடக்கும் அறை அது. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். பிள்ளை அங்கே பயப்படவே இல்லை. கை உடைந்து நின்ற ஒரு அர்ச்சிஷ்டவர் சிலையைப் பார்த்து, "இவருக்குக் கை எங்க?" என்று கேட்டது.

"உன்ன மாதிரி ஒருத்தி பிடிச்சு இழுத்துட்டா."

"வலிச்சுதா?"

"கேட்டுப் பாரு."

அது நிஜமாகவே கேட்டது. பதில் வராததால், வாயைத் திறக்க முடியாத அளவுக்கு வலி போலிருக்கிறது என்று அதுவே முடிவு செய்து, அவர் காலுக்குத் தன் துண்டைப் போர்த்திவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் என் மகளுக்குப் பிள்ளை இல்லை. அந்த அறைக்குள் போனால் வெளியே வர எனக்கு மனமே வராது. பால் கொடுக்கப் போவேன், அரை மணி நேரம் ஆகிவிடும். தாய்க்காரி சிரிப்பாள். "அக்கா, அடுப்புல ஏதாவது வச்சிட்டு வந்தீங்களா?" என்பாள். வைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் என் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டாள். புருஷனைக் குழியில் போட்டபோது சாமியார் வரவில்லை. பயத்தில் யாருமே வரவில்லை. செபம் சொல்லி மந்திரிக்காமல், மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

"அவருக்கு ஒரு பூசை கூட வைக்கல அண்ணா. பேரச் சொல்லி ஒரே ஒரு பூசை வைங்க. நான் இங்க இருந்தே கேட்டுக்குவேன்."

இந்த மனுஷனிடம் கேட்டால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே. தலையை ஆட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குப் பூசை வைக்க வர்ற புதுச்சாமி காதுல மெதுவாச் சொல்லிடுங்க. மைக்குல எதுக்கு? மெதுவாச் சொன்னா கடவுளுக்குக் கேக்காதா?"

"கடவுளுக்குக் கேக்கும். அவளுக்குக் கேக்க வேண்டாமா?"

"சரி, பேரு மட்டும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வாயிலேருந்து வரக்கூடாது," என்றேன்.

"பேரு மட்டும்தான். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

எங்கள் கோவிலில் பூசைக்கு முன்னால், அது யாருக்காக வைக்கும் பூசை என்று கருத்து வாசிப்பது அவர்தான். இறந்தவர் பெயர், எந்தத் தெரு, பூசையை ஒப்புக்கொடுப்பவர் யார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கையில் சீட்டு கூட வைத்துக்கொள்வதில்லை. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூக்கத்திலும் சொல்வார். ஒருமுறை ரேஷன் கடையில் யார் கார்டு என்று கேட்டதற்கு, "கோவில் தெரு, ஒப்புக்கொடுப்பவர் மனைவி," என்று சொல்லிவிட்டு நின்ற ஆள். நடக்க முடியாத நோயாளிகளுக்கும் பூசை கேட்கட்டும் என்று மணிக்கூண்டில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. பங்குச்சாமிக்குப் பதிலாகப் பூசை வைக்க வந்தவர் குருமடத்திலிருந்து வந்த இளம்சாமி. நான் பூசைச் சாமான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கால்வாயில் கிடந்த அந்த மனிதனின் பெயரை நிறுத்தி, அழகாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஆன்ம இளைப்பாற்றிக்காக," என்றார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவும் செய்தார், பார்த்தேன். ஆனால் அந்த நாக்கு இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

"ஒப்புக்கொடுப்பவர்கள், நம் கோவில் சுரூப அறையில் தங்கியிருக்கும் மனைவி, மகள்."

அவர் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. ஜனங்கள் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளம்சாமிக்கு விஷயம் தெரியாது. பக்கத்தில் நின்ற பீடப்பையனிடம் என்னவென்று கேட்டு, கேன்டீனில் ஆள் பிடித்த கதையை அவன் சொல்ல, விவரம் புரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசங்கமே அதைப் பற்றித்தான். திருக்குடும்பமே உயிருக்குப் பயந்து ஊர் விட்டு ஊர் ஓடிய குடும்பம்தானே, அவர்கள் இன்று நம் கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்று உருகிவிட்டார். எல்லாம் ஒலிபெருக்கியில்தான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொன்ன ஆமெனில் கூரை அதிர்ந்தது. அதில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. பாடகர் குழுவில் இருக்கும் பெரிய குரல்காரருடையது. என் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான் பாடினார். அவர் உத்தியோகம் பார்ப்பது குடிவரவு அலுவலகத்தில்.

பூசை முடிந்ததும் இரக்கம் பை பையாக வர ஆரம்பித்தது. பால் பவுடர், ரொட்டி, பிஸ்கட், சின்னப் பிள்ளை கவுன், கம்பளி, பாதி தேய்ந்த பொம்மை. வரிசையாகப் பூசைச் சாமான் அறை வாசலில் வந்து நின்றார்கள். தெருவில் போகிறவர்களெல்லாம் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"இங்க யாரும் இல்ல. அவரு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றேன்.

"எங்களுக்குத் தெரியும் அக்கா. கவலப்படாதீங்க, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்," என்றாள் முதலாவதாக நின்றவள். பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். அதற்குப் பின்னால் நின்றவளும் சொன்னாள். தெருவே கேட்கிற மாதிரி எல்லோரும் ரகசியம் காத்தார்கள்.

சரி, தெரிந்துவிட்டது, இனி ஒளித்து என்ன பிரயோசனம் என்று நானும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பை எல்லாம் வேண்டாம்மா. செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாராவது வீட்டுல வச்சுக்குங்க. தாயும் பிள்ளையும், ஒரு மூலை போதும்." அழுது அழுது கண் சிவந்திருந்தவளிடம்தான் முதலில் கேட்டேன். மாமியார் ஒரு மாதிரி என்றாள். அடுத்தவளுக்கு வாடகை வீடு, வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மாதாவின் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துச் செபமாலை சொல்லும் அம்மாவுக்குப் பின்கட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தினமும் இவங்களுக்காக செபமால உருட்டி ஒரு ஐம்பத்து மூணு மணி செபம் சொல்றேன்," என்றாள். கையை உதறிக்கொண்டேன்.

இளம்சாமியிடம் ஓடினேன். அவருக்குக் குருமடத்துக்கு வண்டி வந்துவிட்டது. "ஆண்டவர் பாத்துக்குவாரும்மா," என்று என் தலையில் கை வைத்துவிட்டு ஏறிப் போனார். மடத்துக்குப் போன் போட்டோம். வண்டி வேறு ஊரில் இருக்கிறது, சொன்ன நாளுக்கு முன்னால் முடியவே முடியாது என்றார்கள். கடைசியில் என் மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அவருக்கு அரசாங்க வேலைம்மா. வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"பிள்ளைய மட்டுமாவது வச்சுக்கடி."

"என்னால முடியாதும்மா. பழகிட்டுப் பிரிய என்னால முடியாது," என்று வைத்துவிட்டாள். பெற்ற மகளைக் கூடக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் கோவிலுக்கு எதிரில் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். வேவு பார்க்க அனுப்பியவன் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வழியில்லை.

என் வீட்டுக்காரர் சுரூப அறை வாசலில் உட்கார்ந்து தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நல்லா வாசிச்சீங்க அண்ணா. சுவர் வழியா நல்லாக் கேட்டுச்சு. அவரு பேரு இத்தன பேரு காதுல விழுந்திருக்கு. அது போதும்."

போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீடத்தைப் பார்த்து, "உனக்கும் போதுமா?" என்று கேட்டேன். பதில் சொல்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வண்டிகள் வந்து நின்றன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரிய குரல்காரர் சீருடையில் இறங்கினார். கூடவே ஒரு இளம்பெண் அதிகாரி. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தீர்த்தம் தொட்டு, சிலுவை போட்டு, பீடத்துக்கு முன்னால் முழங்கால் இட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சாவி குடுங்க அக்கா."

"எந்தச் சாவி?"

"வேண்டாம்க்கா. நேத்து நானும் மேல பாட்டுக் குழுவுலதான் இருந்தேன்."

"இருந்தீங்க. ஆமென் சொன்னீங்க. உங்க தொண்டை தனியாக் கேட்டுச்சு."

"மனசாரத்தான் சொன்னேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஆபீசுக்குப் போன் மேல போன். நான் வரலைன்னா வேற யாராவது வந்து கதவ உடைப்பாங்க. அதனாலதான் இந்த வேலைய நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"கேட்டு வாங்கினீங்களா. நல்லாருங்க."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் அசையாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "இல்ல, தர மாட்டோம்," என்று சொன்னார். அப்போது உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"திறந்துடுங்க அக்கா. பிள்ள பயப்படுது."

திறந்தேன். பிள்ளை ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அந்தப் பெண் அதிகாரி தாயைப் பார்த்து, "நீங்க பெரிய வண்டில ஏறுங்க. பிள்ளைக்கு அந்தச் சின்ன வண்டி," என்றாள்.

"ஏன் வேற வண்டி?" என்றேன் நான்.

"முகாம்ல பெரியவங்க மட்டும்தான். பிள்ளைங்கள அரசாங்க இல்லத்துக்கு அனுப்புவோம்."

"எப்ப ஒண்ணா சேத்து வைப்பீங்க?"

"அதெல்லாம் மேலிடத்துல முடிவு பண்ணுவாங்க."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, என் வாய் பேசிவிட்டது. "அது இவ பிள்ள இல்ல. என் பேத்தி. என் மக பிள்ள."

பெரிய குரல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் மகளுக்குப் பிள்ளை இல்லாத கதை அவருக்கு நன்றாகத் தெரியும். நவநாள் செபத்தில் அதற்காகப் பக்கத்தில் முழங்காலில் நின்று செபித்தவர். அந்தப் பெண் அதிகாரி தாயிடம் திரும்பினாள்.

"உங்க பிள்ள இல்லையா?"

தாய் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிள்ளையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல. அவங்க பேத்தி. இங்க விளையாட வரும்," என்றாள்.

"நேத்து மனைவி, மகள்னு மைக்குல சொன்னாங்கன்னு..."

"உபதேசியாருக்கு வயசாகுது, உளறியிருப்பாரு," என்றார் பெரிய குரல்காரர். "இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும். இவங்க பேத்திதான். பெரியவங்க ஒருத்தர் மட்டும்தான், கிளம்பும்மா."

அந்த நிமிஷம் அவர் எனக்குச் சொந்தத் தம்பி மாதிரி இருந்தார். தாய் நடக்க ஆரம்பித்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே, நேராக, தலை திரும்பாமல் போனாள். நான் பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா எங்கே போகிறாள் என்று அது கேட்டது. இதோ வந்துவிடுவாள் என்றேன். அது நம்பவில்லை. அவள் வாசலை நெருங்கியதும் பிள்ளை கத்தியது.

"அம்மா, என் மேல கோவமா?"

அவள் நின்றாள். மாதாவே, அவளைத் திரும்ப விடாதே என்று வேண்டினேன். எத்தனையோ வேண்டியிருக்கிறேன், ஒரு தாய் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் வேண்டினேன். அதுவும் பலிக்கவில்லை. எந்தத் தாயால் முடியும். அவள் திரும்பி, அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள். பிள்ளை என் பிடியை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "கோவம் இல்லம்மா, அம்மாக்குக் கோவமே இல்ல," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெண் அதிகாரி பெரிய குரல்காரரைப் பார்த்தாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வண்டிக்குப் பக்கத்தில் போன பிறகும் பிள்ளை கழுத்தை விடவில்லை. பெண் அதிகாரி பிரிக்கப் போனாள், பிள்ளை வீறிட்டது. தாய் என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்களே எடுத்துடுங்க அக்கா. அவங்க தொட்டா பயந்துக்கும்."

நானே எடுத்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தூக்கிக்கொண்டு போய்ச் சின்ன வண்டியின் பின் சீட்டில் உட்கார வைத்தேன். அழுது அழுது அதற்கு விக்கல் எடுத்தது. கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாத, பெரியம்மாவும் கூட வர்றேன்," என்றேன்.

பிள்ளை நம்பிவிட்டது. நான் உட்காருவதற்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டது.